மேலே இழுக்கிறவரும் கீழே இழுக்கிறவரும்

எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் நிறையப் பேசுவார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று கேட்டால், நடுவில் நான் இருக்கிறேன் என்பதுதான் பதில். அப்பா என்னைப் பார்த்து, "உங்க மாமாகிட்ட சொல்லு" என்று ஆரம்பிப்பார். பக்கத்திலேயே நிற்கும் மாமா அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று என்னிடம் பதில் தருவார். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். அங்கே நின்றால் போதும். கல்லூரியில் தர்க்கவியல் படிக்கிறேன். அந்தப் படிப்புக்கு இதுவரை கிடைத்திருக்கும் ஒரே வேலை இது.

சண்டைக்குக் காரணம் ஒரு வாஷ்பேசின். அப்பா பல் டாக்டர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பிளம்பர். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். கிளினிக்கில் குழாய் லேசாகச் சொட்டுகிறது என்று அப்பா கூப்பிட, மாமா வந்து முறுக்கினார். சொட்டுவது நின்றது. முறுக்குவது நிற்கவில்லை. உலகத்தில் எந்த நட்டும் இன்னும் ஒரு சுற்று போகும் என்பது மாமாவின் கொள்கை. அந்த ஒரு சுற்றில் குழாய் கழுத்தோடு பிய்த்துக்கொண்டு, 'ஆ' காட்டியபடி சாய்ந்திருந்த ஒரு பேஷண்ட்டின் வாய்க்குள் நேராகத் தண்ணீரைப் பாய்ச்சியது. பேஷண்ட் பிழைத்துக்கொண்டார். உறவு பிழைக்கவில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினார்கள் என்றால் அதற்குத் தவளைதான் காரணம்.

தவளை என்பது அப்பாவின் கார். வெளிறிய பச்சை, உருண்டைக் கண்கள், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் வயிறு. அப்பா பிறப்பதற்கு முன்பே தயாரானது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் வருஷக்கணக்காக நிற்கிறது. ஓடவில்லை என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "ரெஸ்ட் எடுக்குது" என்பார். தினமும் கிளினிக் முடிந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொள்வார். பாட்டு கிடையாது, போன் கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துவிட்டு வருகிற மனிதர், வாய் இல்லாத ஒன்றோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் எங்களுக்கு அப்பாவாக மாறி உள்ளே வருவார். ஒருநாள் ஷெட் சாவி தொலைந்து அந்த உட்காரல் நடக்கவில்லை. அன்றிரவு அவர் சாப்பாட்டுத் தட்டோடு சண்டை போட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அம்மாவுக்கு அந்த ஷெட் வேண்டும். அம்மா பள்ளி யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார். எங்கள் ஹாலில் நடந்தால் காலில் காலர் மாட்டும். சோபாவில் உட்கார்ந்தால் குண்டூசி வரவேற்கும். ஆர்டர் பெருகி, புது மெஷின்களும் தைக்க ஆட்களும் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. எங்கே வருவார்கள் என்பதுதான் கேள்வி.

அம்மா வாயில் இரண்டு குண்டூசியை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். அது அவருடைய பழக்கம். தைக்கும்போது கைக்குக் கிடைக்கும் ஊசி, பட்டன், கொக்கி எல்லாம் உதட்டுக்கு நடுவில் போய்விடும். பிறகு அது அங்கே இருப்பதே மறந்துவிடும். "பல்லு தேய்ஞ்சிடும்" என்று அப்பா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் பல் தேயவில்லை. அப்பாவின் வாய்தான் தேய்ந்தது.

"ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்கு எடுக்கற லாரி வருது" என்றார் அம்மா, ஊசிகளைத் துப்பிவிட்டு. "அதுக்குள்ள ஸ்டியரிங் திரும்பிச்சுன்னா வண்டி இங்கயே இருக்கட்டும், நான் வேற எடம் பாத்துக்கறேன். திரும்பலைன்னா லாரியில போகும்."

நியாயமான தீர்ப்பு. ஏனென்றால் தவளையின் கோளாறே ஸ்டியரிங்தான். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு நீளமான இரும்புத் தண்டு கீழே இறங்கி, ஒரு குழாய்க்குள் நுழைந்து, என்ஜின் பக்கம் இருக்கும் ஸ்டியரிங் பெட்டியில் போய்ச் சேர்கிறது. ஷாஃப்ட் என்பார்கள். ஷெட் ஒழுகி ஒழுகி, அந்த ஷாஃப்ட் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. சக்கரத்தை எவ்வளவு முறுக்கினாலும் திரும்பாது. கடைசியாக நிறுத்தியபோது முன்சக்கரங்கள் இடது பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தன; அப்படியே உறைந்து நின்றுவிட்டன. ஷாஃப்ட்டை வெளியே உருவினால், உள்ளே அதைத் தாங்கும் தேய்ந்துபோன புஷ் வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய புதுப் புஷ்ஷை வைக்கலாம். உருவ வேண்டும், அவ்வளவுதான்.

"ஒர்க் ஷாப்புக்கு ஆள் சொல்லி விடலாமேப்பா?" என்றேன்.

"என் பேஷண்ட்ட வேற டாக்டர்கிட்ட அனுப்ப மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு அப்பா வேலையை ஆரம்பித்தார். ஸ்டியரிங் சக்கரத்தை முந்தின நாளே கழற்றியாயிற்று. ஷாஃப்ட்டின் தலையில் கயிறு கட்டி, சீட்டில் மல்லாந்து, இரண்டு கால்களையும் டேஷ்போர்டில் ஊன்றி இழுக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு மாமா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் சண்டையை மறக்கவில்லை. ஆனால் விஷயத்தில் ஒரு குழாய் சம்பந்தப்பட்டிருக்கிறது. குழாய் இருக்கும் இடத்தில் மாமாவைத் தடுக்க முடியாது. பெரிய ரெஞ்சோடு இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டார்.

திறந்த பானெட் இருவருக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. அப்பாவுக்கு மாமா தெரியவில்லை. மாமாவுக்கு அப்பா தெரியவில்லை. இருவருக்கும் இதைவிட வசதியான வேலையிடம் கிடைத்திருக்காது. நான் மட்கார்டு பக்கம் நின்றேன்.

"உங்க மாமாகிட்ட கேளு, கீழ எதாவது அசையுதான்னு."

"உங்கப்பாகிட்ட சொல்லு, ஒரு நூல் அசைஞ்சுது. ஆனா நான் விட்டதும் திரும்பப் போயிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான். வருது, போயிடுது."

நூலளவு வருவதும் போவதுமாகவே நேரம் போனது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இழுத்தார்கள். மறுபடி ஊற்றினார்கள். ஷாஃப்ட் 'கிறீச்' என்று ஒரு நூல் ஏறியது, 'டொக்' என்று ஒரு நூல் இறங்கியது. உயிர் இருக்கிற மாதிரியே இருந்தது.

"வேர் வளைஞ்சிருக்கும்" என்றார் அப்பா, உள்ளேயிருந்து. "கீழ்க்கடைவாய்ல இப்படித்தான் வரும். பொறுமையா ஆட்டி ஆட்டி எடுக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஆச்சு, ஆச்சு."

கடைசி வாக்கியம் எனக்கல்ல, ஷாஃப்ட்டுக்கு.

"உள்ள காத்து அடைச்சிருக்கு" என்றார் மாமா. "அதான் உறிஞ்சிக்குது. மோட்டார் பைப்புல பாத்திருக்கேன்."

எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒருவர் சொல்வதை மறுக்க வழி தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் சொல்லிவிடுவார். உள்ளே ஸ்பிரிங் இருக்கலாம் என்று நானும் ஒரு கருத்தைச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் "நீ சும்மா இரு" என்றார்கள். வாஷ்பேசினுக்குப் பிறகு அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் வார்த்தை.

அப்போதுதான் லாரி வந்தது. சாயங்காலம் வர வேண்டியது. வெயில்கூட இறங்கவில்லை.

லாரிக்காரர் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு இறங்கினார். ஷெட் வாசலில் பக்கவாட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இடத்திலிருந்து காருக்குள் மல்லாந்திருந்த அப்பாவும் தெரிந்தார், பானெட்டுக்குள் கவிழ்ந்திருந்த மாமாவும் தெரிந்தார்.

"தம்பி" என்றார் என்னிடம். "ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன பந்தயம்?"

"பந்தயமா?"

"இவரு மேல இழுக்கறாரு. அவரு கீழ இழுக்கறாரு. யாரு ஜெயிச்சா என்ன குடுப்பீங்க?"

நானும் இருவரும் தெரிகிற இடத்தில்தான் மத்தியானம் முழுக்க நின்றிருந்தேன். இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்பது என் கண்ணில் பட்டது. இரண்டு பேர் இழுத்தால் சீக்கிரம் வரும் என்பது பொது அறிவு. எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அப்பா காரிலிருந்து இறங்கினார். மாமா பானெட்டிலிருந்து தலையை எடுத்தார்.

"கீழயா இழுத்தே?" என்றார் அப்பா. என் வழியாக இல்லை, நேராக.

"பின்ன? எதுவா இருந்தாலும் கீழதான் மச்சான் போகும்!"

"அடப்பாவி! கீழ ஸ்டியரிங் பெட்டி இருக்கு, அதுக்குள்ள எங்கடா போகும்? மேலதான் வரும். சக்கரம் கழட்டின பக்கம் வரும்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது, நாமதான் பேசறதில்லையே!"

இந்த இடத்தில் இருவருக்கும் தாங்கள் பேசிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, சேர்ந்து மேல இழுக்கலாம்னு."

சேர்ந்து இழுத்தார்கள். லாரிக்காரரும் ஒரு கை கொடுத்தார். ஷாஃப்ட் ஒரு நூல் ஏறியது. அப்புறம் ஏறவில்லை. இந்த முறை கீழே இழுக்க யாருமே இல்லை. ஆனாலும் ஏறவில்லை. இது எங்கள் எல்லோரையும் முன்பைவிடக் குழப்பியது. முன்பாவது காரணம் என்று சொல்ல ஒரு மாமா இருந்தார்.

அம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். "என்ன ஆச்சு? திரும்புதா?"

மூவரும் கயிற்றைக் கீழே விட்டார்கள். அதுவே பதிலாக இருந்தது.

"சரி" என்றார் அம்மா லாரிக்காரரிடம். "ஏத்திடுங்க."

அப்பா ஷெட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கிளவுஸைக் கழற்றும் பாவனையில் கையைக் கழற்றப் பார்த்தார். கையில் கிளவுஸ் இல்லை.

லாரிக்காரர் குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தார். ஷெட்டின் இடதுபக்கத் தூணைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார்.

"ஏத்த முடியாதும்மா."

"ஏன்?"

"சக்கரம் இடது பக்கமா திரும்பி நிக்குது. தள்ளினா நேரா தூண்ல போய் இடிக்கும். ஷெட்டே எறங்கிடும். மொதல்ல ஸ்டியரிங்க சரி பண்ணுங்க, அப்புறம் ஏத்தறேன்."

"ஸ்டியரிங் சரியாச்சுன்னா வண்டி இங்கயே இருக்கும்னு சொல்லியிருக்கேன்."

லாரிக்காரர் யோசித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று அம்புக்குறி போட்டும் விளக்க முடியாத ஒன்றை அவர் முகம் மெதுவாக நெருங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பாத வண்டிய ஏத்த முடியாது" என்றார். "திரும்பற வண்டிய எதுக்கு ஏத்தணும்? அப்ப என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

அப்பாவின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்த முதுகோடு திரும்பினார். அந்த முகத்தில் வெகு நாளாகப் பார்க்காத ஒரு வெளிச்சம். வண்டி திரும்பினாலும் இங்கே, திரும்பாவிட்டாலும் இங்கே.

அம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

"லாரி வந்தாச்சு. கெடு முடிஞ்சுது" என்றார். "இனிமே கணக்கு வேற. திரும்பிச்சுன்னா போகும். நாளைக்கு என் மெஷினுங்க வாசல்ல நிக்க முடியாது. ரெண்டு பேரும் ஆகட்டும், கழட்டுங்க."

இதன்படி, இவ்வளவு நேரம் அந்த ஷாஃப்ட்டை உருவ முழுமூச்சாக முயன்ற அப்பா, அது வரவே கூடாது என்று இப்போது விரும்பினார். வரக்கூடாது என்று விரும்பியிருக்க வேண்டிய அம்மா, அது வந்தே ஆகவேண்டும் என்று நின்றார். மாமாவுக்கு யார் பக்கம் என்று தெரியவில்லை. அக்கா சொன்னதால் கயிற்றைப் பிடித்தார். அப்பா முறைத்ததால் விட்டார்.

"கை வலிக்குது" என்றார் அப்பா, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "ஞாயித்துக்கிழமைல நான் பல்லு எடுக்கறதில்ல."

"உங்கப்பா சொல்றது நியாயம்தான்" என்றார் மாமாவும், பக்கத்திலிருந்த வாளியில் உட்கார்ந்து. சத்தியமாக அது என்னிடம் சொல்லப்பட்டதுதான்.

அம்மா இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். சேலையைச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். விரலால் ஷாஃப்ட்டை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார், துணியில் தையல் விட்ட இடத்தைத் தேடுகிற மாதிரி. அடியில், ஷாஃப்ட்டை ஸ்டியரிங் பெட்டியோடு கவ்விப் பிடித்திருந்த ஒரு கிளாம்ப்பில் விரல் நின்றது.

"இந்த போல்ட்ட யாரும் கழட்டலையா?"

"நேத்தே லூஸ் பண்ணிட்டேனே" என்றார் அப்பா.

"லூஸா இருந்துச்சுக்கா" என்றார் மாமா. "நேத்து ராத்திரி இந்தப் பக்கம் வந்தப்ப பாத்தேன். ஆபத்தாச்சேன்னு நல்லா டைட் பண்ணிட்டேன்."



"எல்லாத்துக்கும் ஒரு சுத்து போடுவியாடா நீ?" என்று அப்பா எழுந்தார்.

"லூஸ் பண்ணியிருந்தாலும் வந்திருக்காது" என்றார் அம்மா, தலையை எடுக்காமலே. "ஷாஃப்ட்டுல ஒரு பள்ளம் இருக்கு. போல்ட் அதுக்குள்ள குறுக்க உக்காந்திருக்கு. முழுசா உருவணும். என் மெஷின்ல கைச்சக்கரத்து ஸ்குரூ இதே மாதிரிதான். ரெஞ்ச குடுடா."

மாமா எழுந்து போய்க் கொடுத்தார். அம்மா போல்ட்டை முழுக்கக் கழற்றினார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போல்ட் வழக்கமான இடத்துக்குப் போனது. உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, காரைச் சுற்றி வந்து, கதவு வழியாக உள்ளே குனிந்து, ஷாஃப்ட்டின் தலையைப் பிடித்து வெடுக்வெடுக்கென்று ஆட்டினார்.

அப்பா ஸ்டூலில் நெளிந்தார். முதலில் வாயை மூடிக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் ஒரு வெடுக். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படிப் பிடுங்கக் கூடாது! உடைஞ்சிடும்! தள்ளு, தள்ளு. இப்படிப் பிடிச்சு, லேசா ஒரு சுழற்று, லேசா ஒரு தூக்கு..."

இதற்குள் அவர் பாதி காருக்குள் இருந்தார். மத்தியானம் முழுக்க ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் இழுத்த இழுப்பில், குழாய்க்குள் இருந்த துரு பொடிப் பொடியாக அரைபட்டுப் போயிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது. அப்பா லேசாகத் தூக்கினார். ஷாஃப்ட் அலுங்காமல் குலுங்காமல், தானாகவே கிளம்பி வருவதுபோல் முழுக்க வெளியே வந்தது.

"வந்துடுச்சு!" என்று அப்பா அதைத் தலைக்கு மேலே தூக்கினார். "பாத்தியா! முழுசா! வேரோட!" காரிலிருந்து இறங்கி, அதை லாரிக்காரரிடம் காட்டினார், மாமாவிடம் காட்டினார், என்னிடம் காட்டினார். மாமா கைதட்டினார். நானும் தட்டினேன். லாரிக்காரர், "சபாஷ் சார், அப்ப ஏத்திடலாமா?" என்றார்.

அப்பாவின் கை மெதுவாக இறங்கியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவசரம். லாரிக்காரருக்கு நேரமாகிவிட்டது. பழைய புஷ் கையில் எடுத்ததும் உதிர்ந்தது. புதுப் புஷ்ஷை வைத்தார்கள், ஷாஃப்ட்டை மறுபடி இறக்கினார்கள், கீழே பெட்டியின் பல்லோடு பல் பொருந்தி உட்கார்ந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் செய்தார். லாரியில் ஏற்றத்தானே, எதற்குப் புதுப் புஷ் என்று யாரும் கேட்கவில்லை. உடம்பைக் கொண்டுபோகும் முன் தலைவாரி விடுகிற மாதிரி இருந்தது. மாமா ஸ்டியரிங் சக்கரத்தை மாட்டி, மேல் நட்டை முறுக்கி, இன்னும் ஒரு சுற்றும் போட்டார். அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. மனசு மாறுகிறதோ, இல்லை கோபம் முற்றுகிறதோ என்று நாங்கள் குழம்பினோம்.

அப்பா என்னிடம், "உங்க மாமாகிட்ட சொல்லு, கீழ போல்ட்ட மறக்காமப் போடச் சொல்லு" என்றார்.

அதே வினாடி மாமா என்னிடம், "உங்கப்பாகிட்ட சொல்லு, கீழ போல்ட் அவர்கிட்டதான் இருக்கு, போட்டுடச் சொல்லு" என்றார்.

அதே வினாடி லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரனை அமுக்கினார். தெருவே நடுங்கியது. அப்பா சொன்னது மாமாவுக்குக் கேட்கவில்லை, மாமா சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் கேட்டது. அவர்களுக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். எப்போதும் கேட்கும்.

தள்ளுவதற்கு ஆண்கள் எல்லோரும் வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க மிஞ்சியது அம்மா. அம்மா அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அவருமே உட்கார்ந்ததில்லை. கதவைத் திறந்து ஏறி, முதுகை நேராக்கி, மெஷின் முன்னால் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். சக்கரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அது திரும்பியது. எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அம்மா அதை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். மறுபடி அந்தப் பக்கம். முன்சக்கரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. அம்மாவின் பேச்சை வீட்டில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை.

"தள்ளுங்க!" என்றார் லாரிக்காரர்.

தள்ளினோம். தவளை தூணைத் தொடாமல் நழுவி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. எங்கள் தெரு லேசான சரிவு. மேல் பக்கம் பலகை சாய்த்தபடி லாரி. கீழ் முனையில் அப்பாவின் கிளினிக்.

வண்டி கீழ் பக்கம் திரும்பியது.

"அம்மா, இந்தப் பக்கம்!" என்று லாரிக்காரர் கத்தினார்.

"பிரேக்!" என்றார் அப்பா. "இடதுகால் இல்ல, வலதுகால்! நடுவுல இருக்கறது!"

"அக்கா, ஹேண்ட் பிரேக்கா!" என்றார் மாமா.

காருக்குள்ளிருந்து "ம்ம்! ம்ம்ம்!" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சரி என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா, காப்பாற்று என்கிறாரா, எதுவும் விளங்கவில்லை. தவளை உருண்டுகொண்டே போனது. நாங்கள் பின்னால் ஓடினோம். நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரை அது சுற்றிக்கொண்டு போனது. யாரோ நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போன சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு பூனை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அதையும் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் கிளினிக் வாசலில், சுவரோரமாக, அளவெடுத்துத் தைத்த மாதிரி போய் ஒட்டி நின்றது.

அம்மா பிரேக் போட்டாரா, நடைபாதை ஓரம் இடித்து நின்றதா என்று இன்றுவரை தெரியவில்லை. பிரேக் விளக்கைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அதில் பல்ப் இல்லை.

அப்பாதான் முதலில் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தார். அம்மா இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் இறுக மூடியிருந்தன. அப்பா அந்த உதடுகளைப் பார்த்தார். தொழில்முறையில் பார்த்தார்.

"ஆ காட்டு" என்றார்.

அம்மா வாயைத் திறந்தார். அப்பா இரண்டு விரலால் கிளாம்ப் போல்ட்டை எடுத்தார்.

மாமா நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மச்சான், நீங்க போடலையா?"

"நீ போடலையா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூனையைப் பார்த்தேன்.

அம்மா துருவைத் துப்பிவிட்டு, உதட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மூச்சு வாங்க ஓடி வந்த லாரிக்காரரிடம், "திரும்புதுல்ல?" என்று கேட்டார்.

"திரும்புதும்மா."

"திரும்பற வண்டிய எதுக்குங்க ஏத்தறது?"

"அதைத்தாம்மா நான் மொதல்லயே கேட்டேன்!" என்றார் லாரிக்காரர், அழுதுவிடுவார் போல. பேசும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பா அவர் தாடையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, கிளினிக் பூட்டைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பல் எடுப்பதில்லை என்ற கொள்கை அன்று கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தது. ஒரு கார் ஏற்ற வந்தவர் ஒரு பல் குறைந்து வீடு திரும்பினார். ஆட்டி ஆட்டி, ஒரே தூக்கு, வேரோடு.

அப்பா கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஷெட் காலி. தவளை கிளினிக் வாசலில். அதை இங்கே நிறுத்தலாம் என்று இத்தனை வருஷமாக ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பாத வண்டியை இங்கே கொண்டுவந்திருக்க முடியாது. அந்த அளவுக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்பா வழக்கம்போல டிரைவர் பக்கம் போய்க் கதவில் கை வைத்தார். உள்ளே அம்மா இன்னும் இறங்கவில்லை. சக்கரத்தை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க" என்றார்.

அப்பா நின்றார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். இருவரும் உள்ளே பேசாமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஜெயித்தாரா தோற்றாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வண்டி இருக்கிறது. உட்காரல் நடக்கிறது. ஆனால் சீட் மாறியிருக்கிறது.

மாமா ரெஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "உங்கப்பாகிட்ட சொல்லு, அந்த போல்ட்ட இப்பவே போட்டுடலாம். நான் டைட் பண்றேன்."

நான் வழக்கம்போலப் பேசாமல் நின்றேன். பதில் வரவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே எதுவும் கேட்டிருக்காது. வேறு வழியில்லாமல், போய்க் கண்ணாடியைத் தட்டி, மாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் என் வாயால் சொன்னேன்.

அப்பா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, போல்ட்டை என் கையில் வைத்தார்.

"உங்க மாமாகிட்ட சொல்லு" என்றார். "ஒரு சுத்து கம்மியாவே போடச் சொல்லு."